பட்டுச் சேலைத் தளம்: ஆள் வருது, ஆர்டர் வரல. எங்கே இடறுது?

காஞ்சித்தறி · #1

வணக்கம். காஞ்சிபுரத்தில் கடை, கூடவே வலைத்தளம். வேர்ட்பிரஸ் மேல் வூகாமர்ஸ் என்ற இணையக் கடை மென்பொருள். எல்லாம் கைத்தறிப் பட்டு. ஒரு நிறத்துக்குப் பெரும்பாலும் ஒரே சேலைதான் இருக்கும். வருகிறவர்களில் அதிகம் பேர் கைப்பேசியில், இன்ஸ்டாகிராம் வழியாகவோ கூகுள் வழியாகவோ வருகிறார்கள். சேலைப் பக்கத்தைத் திறக்கிறார்கள், படங்களைத் தள்ளிப் பார்க்கிறார்கள், போய்விடுகிறார்கள். கூடையில் போடுகிற சிலரும் பணம் கட்டும் இடத்தில் நின்றுவிடுகிறார்கள்.

தளம் அமைத்துக் கொடுத்தவர் மூன்று வழி சொல்கிறார். உள்ளே நுழைந்ததும் "வாங்க! முதல் ஆர்டருக்கு 10% தள்ளுபடி" என்று ஒரு பெட்டி எழும்புவது, நேரம் குறைந்துகொண்டே வரும் கடிகாரம், பொருள் வந்ததும் பணம் கொடுக்கும் கேஷ் ஆன் டெலிவரி (சிஓடி). இவை தேவையா? தளம் இப்போது ஆங்கிலத்தில் மட்டும் இருக்கிறது. தமிழும் வேண்டுமா? வெளிநாட்டிலிருந்து வாங்குகிறவர்களும் உண்டு.

பிக்சல் பாண்டி · #2

பெட்டி விஷயத்தை மற்றவர்கள் பேசுவார்கள். முதலில் பக்கம் திறக்க எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று பாருங்கள். கூகுளின் வேகம் பார்க்கும் கருவியான பேஜ்ஸ்பீடு இன்சைட்ஸில் முகப்பை மட்டும் போட்டுப் பார்த்து நிம்மதி அடையாதீர்கள். இன்ஸ்டாவிலிருந்து வருகிறவர் முகப்புக்கே வருவதில்லை, நேராகச் சேலைப் பக்கத்தில்தான் இறங்குகிறார். அந்தப் பக்கத்தின் முகவரியைக் கொடுத்து, மொபைல் பிரிவைப் பாருங்கள்.

கவனிக்க வேண்டியது மூன்று எண்கள். முதன்மைப் படம் தெரியும் நேரமான எல்சிபி 2.5 வினாடிக்குள். தொட்டதும் பக்கம் பதில் கொடுக்கும் நேரமான ஐஎன்பி 200 மில்லிவினாடிக்குள். 2024 மார்ச்சில் எஃப்ஐடி என்ற பழைய அளவுக்குப் பதிலாக வந்தது இது. படிக்கும்போதே பக்கம் துள்ளுவதை அளக்கும் சிஎல்எஸ் 0.1-க்குள். கூகுள் இதில் சராசரி பார்ப்பதில்லை. நூற்றில் 75 வருகைக்காவது இந்த அளவு கிடைத்தால்தான் தேறியதாக எடுத்துக்கொள்ளும். உங்கள் அலுவலக வைஃபையில் வேகமாகத் திறக்கிறது என்பதற்கு ஒரு மதிப்பும் இல்லை.

சேலைத் தளங்களில் வழக்கமாகக் கெடுவது படம். கேமராவில் எடுத்த 6 எம்பி படத்தை அப்படியே ஏற்றிவிடுகிறார்கள். முதல் படம் 1200 பிக்சல் அகலம், வெப்பி (WebP) வடிவம், தரம் 75-80, கோப்பு 150-200 கேபி. அவ்வளவு போதும். சரிகையை நெருங்கிப் பார்க்க 2400 பிக்சல் படம் தேவைதான். ஆனால் விரலால் தொட்ட பிறகுதான் அது இறங்க வேண்டும்.

இன்னொரு தவறு: வேகத்துக்காகப் போடும் பிளக்இன் (கூடுதல் மென்பொருள்) எல்லாப் படத்துக்கும் லேசி லோடிங், அதாவது தாமதமாக இறக்குவதை, போட்டுவிடும். முதல் படத்துக்கு அது கூடாது. அதை விலக்கி, எது முதலில் இறங்க வேண்டும் என்று சொல்லும் ஃபெட ்ச் பிரயாரிட்டியை 'ஹை' என்று வையுங்கள். மற்றப் படங்கள் தாமதமாக வரட்டும். ஒவ்வொரு படத்துக்கும் அகலம், உயரம் குறித்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் படம் வந்து விழும்போது கீழே இருக்கும் பட்டன் நகர்ந்து, கூடையைத் தொட்ட விரல் வேறெதிலோ படும்.

முகப்பில் தானாக ஓடும் ஸ்லைடர், அடியில் இன்ஸ்டா படவரிசை, இரண்டு மூன்று அரட்டைக் கருவிகள் இருந்தால் எடுத்துவிடுங்கள். ஐஎன்பி கெடுவது பெரும்பாலும் இப்படி வெளியிலிருந்து வரும் ஸ்கிரிப்ட்களால்தான்.

சட்டப்பக்கம் · #3

> பெட்டி எழும்புவது, நேரம் குறைந்துகொண்டே வரும் கடிகாரம்

இரண்டும் வேண்டாம் சார்.

கூகுளிலிருந்து கைப்பேசியில் வந்து இறங்கியதுமே உள்ளடக்கத்தை மறைக்கும் பெட்டி இருந்தால் தேடலில் பின்தள்ளுவோம் என்று கூகுள் 2017 ஜனவரி முதல் நடைமுறையில் வைத்திருக்கிறது. அதைவிட முக்கியம், 25,000 ரூபாய்ச் சேலையை இன்னும் பார்க்கவே இல்லை, அதற்குள் 2,500 ரூபாய் குறைக்கிறேன் என்றால் முதலில் போட்ட விலை மேலேயே சந்தேகம் வரும். அறிவிக்க ஏதாவது இருந்தால் மேலே ஒரே வரிப் பட்டை போதும். நோட்டிஃபிகேஷன் அனுமதி கேட்கும் பெட்டியும் நுழைந்ததுமே வரக்கூடாது.

கடிகாரம் சட்டச் சிக்கல். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று டார்க் பேட்டர்ன் (வாங்குகிறவரை ஏமாற்றும் வடிவமைப்பு) வழிகாட்டுதல்களை வெளியிட்டது. அதில் 13 வகை ஏமாற்றுகள் பட்டியலில் உள்ளன. முதலில் வருவதே பொய்யான அவசரம். பக்கத்தைத் திரும்பத் திறந்தால் மறுபடி 15 நிமிடத்திலிருந்து ஓடும் கடிகாரம் சரியாக அதுதான். கூடையில் கேட்காமலே ஒன்றைச் சேர்ப்பது, கடைசிப் படியில் கட்டணங்களை ஒவ்வொன்றாக அவிழ்ப்பது, வேண்டாம் என்கிறவரைக் குற்ற உணர்வில் தள்ளும்படி "இல்லை, எனக்குச் சேமிக்க விருப்பமில்லை" என்று பட்டன் வைப்பது எல்லாம் அதே பட்டியலில் இருக்கிறது.

உங்களுக்கு இந்த வித்தையெல்லாம் தேவையும் இல்லை. கைத்தறியில் ஒரே ஒரு சேலை என்பது உண்மை. "இந்த நிறத்தில் இது ஒன்றுதான் உள்ளது" என்று விலைக்குக் கீழே எழுதுங்கள்.

மல்லி · #4

பாண்டி சொன்னது பக்கம் திறக்கிற வரைக்கும். திறந்த பிறகு அங்கே என்ன இருக்கிறது என்பதுதான் பட்டில் கேள்வி.

கடையில் பாயில் சேலையை விரித்ததும் வாங்குகிறவர் செய்கிற காரியங்களை வரிசையாக நினைத்துப் பாருங்கள். முந்தானையைத் திறக்கச் சொல்வார். கரையைத் திருப்பிப் பின்பக்கம் பார்ப்பார். கையில் ஏந்தி எடை பார்ப்பார். வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டு போவார். "இது ஒரிஜினல் சரிகையா, ரவிக்கை என்ன கலர், எத்தனை வருஷம் வரும்" என்று கேட்பார். கல்யாணத் தேதியைச் சொல்லி, அதற்குள் தைத்துக் கிடைக்குமா என்பார். இவை ஒவ்வொன்றுக்கும் உங்கள் சேலைப் பக்கத்தில் பதில் இருக்கிறதா? பெரும்பாலான தளங்களில் மாடல் பெண் கட்டி நிற்கும் இரண்டு படமும் "எலிகன்ட் பியூர் சில்க் சாரி" என்ற தலைப்பும்தான் இருக்கும். அதைப் பார்த்து எவரும் முப்பதாயிரம் கட்ட மாட்டார்.

படம் ஒரு சேலைக்கு எட்டு வேண்டும். மடித்த நிலையில் முழுச் சேலை, கட்டிய நிலை, முந்தானை முழுதும் விரித்து, உடல் புட்டா நெருக்கத்தில், பக்கத்தில் அளவுகோலோடு கரை நெருக்கத்தில், கரையின் பின்பக்கம், ரவிக்கைத் துணி சேலையோடு சேர்த்து வைத்தது, வாசல் வெளிச்சத்தில் கைப்பேசியில் எடுத்த படம் ஒன்று. பின்பக்கப் படத்தை யாரும் போடுவதில்லை. ஆனால் கோர்வைச் சேலையா இல்லையா என்று விவரம் தெரிந்தவர் பார்ப்பது அங்கேதான். கரையும் உடலும் கோர்த்து நெய்த இடத்தின் பின்பக்கம் தெரிந்தால் நீங்கள் பக்கம் பக்கமாக எழுத வேண்டியதில்லை.

அதோடு 25 வினாடி வீடியோ ஒன்று. ஒலி வேண்டாம், பாட்டும் வேண்டாம். கையில் சேலையை அசைத்துக் காட்டினால் இரட்டை நிறம் எப்படி மாறுகிறது என்று தெரியும். மயில் கழுத்து மாதிரி நிறங்களைப் படத்தில் காட்டவே முடியாது. 720பி, வினாடிக்கு 1.5 மெகாபிட் வைத்தால் 5 எம்பிக்குள் அடங்கும். தொட்டால்தான் ஓட வேண்டும்.

எழுத்தில் வர வேண்டியவை: சேலை எண், நீளம், ரவிக்கையின் நீளம், கரை அகலம் அங்குலத்தில், எடை கிராமில், கோர்வையா சாதாரணக் கரையா, சரிகை வகை. நீளத்தில் பொத்தாம்பொதுவாக "6.3 மீட்டர்" என்று எழுதாதீர்கள். சேலை 5.5, ரவிக்கை 0.8 என்று பிரித்து எழுதுங்கள். ரவிக்கை சேர்ந்தே வருகிறதா, வெட்டித் தருகிறீர்களா என்பதும் தெரிய வேண்டும். மடிசாருக்கு ஒன்பது கஜம் தேடி வருகிறவருக்குத் தனி வடிகட்டி வையுங்கள். அவர் ஆறு கஜத்துக்குள் தேடித் தேடிச் சலித்துப் போவார்.

சரிகை விஷயத்தில் ஒளிவுமறைவு வேண்டாம். 'சில்க் மார்க்' சீட்டு பட்டு நூல் தூயது என்பதற்குத்தான். சரிகையைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. மத்திய பட்டு வாரியத்தின் ஆதரவில் 2004-ல் வந்த முத்திரை அது, மக்களுக்கும் தெரியும். ஆனால் அதைக் காட்டி "எல்லாமே ஒரிஜினல்" என்று நினைக்க வைத்தால், பிறகு அடகுக் கடையிலோ பழைய சரிகை வாங்குபவரிடமோ உண்மை தெரிந்துவிடும். தூய சரிகையா, இடைத்தரமான ஹாஃப் ஃபைனா, விலை குறைந்த டெஸ்டட் சரிகையா என்று நேராக எழுதி, உலோக அளவைக் காட்டும் எக்ஸ்ஆர்எஃப் பரிசோதனைச் சீட்டு இருந்தால் வெள்ளி, தங்க அளவோடு படத்தைப் போடுங்கள். டெஸ்டட் சரிகையும் விற்கத்தான் செய்யும். விலை குறைவு, எடை குறைவு, தினம் கட்டலாம் என்று அதற்கும் ஆள் உண்டு.

காஞ்சித்தறி · #5

மல்லி அக்கா, நன்றி. எடையும் சரிகை அளவும் பக்கத்துக் கடைக்காரர்கள் யாரும் போடுவதில்லை, நாம் போட்டால் நாமே மாட்டிக்கொள்வோமோ என்று ஒரு தயக்கம். இன்னொன்று, "நிறம் நேரில் வேறு மாதிரி இருக்கிறது" என்று திருப்பி அனுப்புவதுதான் அதிகம். அதற்கு என்ன செய்யலாம்?

மல்லி · #6

எவரும் போடுவதில்லை என்பதால்தான் போட வேண்டும் தம்பி. இரண்டு தளத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஒப்பிடுகிறவருக்கு 780 கிராம் என்று எழுதியிருக்கிற பக்கம் ஒன்று, எழுதாத பக்கம் ஒன்று.

நிறத்துக்கு முதல் காரணம் விளக்கு. கடை டியூப்லைட்டும் மஞ்சள் அலங்கார விளக்கும் கலந்த இடத்தில் எடுத்தால் எந்த எடிட்டிங்காலும் சரி செய்ய முடியாது. ஒரே வகை விளக்கு, 5500 கெல்வின் அளவில், நிறத்தை உள்ளபடி காட்டுவதை அளக்கும் சிஆர்ஐ 95-க்கு மேல், இரண்டு பக்கமும் 45 பாகையில். மற்ற விளக்குகளை அணைத்துவிடுங்கள். ஒவ்வொரு முறையும் முதல் படத்தில் சாம்பல் அட்டையை வைத்து எடுத்து, அதை வைத்து வெள்ளைச் சமநிலையைச் சரி செய்து, மற்றவற்றுக்கும் அதையே போடுங்கள். சேமிக்கும்போது எஸ்ஆர்ஜிபி என்ற நிற அமைப்பில். சுவருக்குச் சிவப்பும் பச்சையும் வேண்டாம், அந்த நிறம் பட்டின் மினுமினுப்பில் ஏறிக்கொள்ளும்.

இவ்வளவு செய்தாலும் அரக்கும் வாடாமல்லியும் ஓலெட் திரையில் எடுப்பாகத்தான் தெரியும். அதனால்தான் வாசல் வெளிச்சப் படமும் நிறத்தின் பெயரும் தேவை. 'மெரூன்' என்று எழுதினால் ஆளுக்கொரு நிறம் நினைப்பார்கள். அரக்கு, மாம்பழ மஞ்சள், கிளிப்பச்சை, வெங்காயச் சருகு, எம்எஸ் ப்ளூ, ஆனந்தா ப்ளூ என்று எழுதுங்கள். நீளவாட்டில் ஓடும் பாவு நூல் என்ன நிறம், குறுக்கே ஓடும் ஊடை என்ன நிறம் என்று இரண்டையும் கொடுத்துவிட்டால் இரட்டை நிறச் சண்டை பாதி குறையும்.

விலை கூடிய சேலைக்கு "வீடியோ காலில் பார்க்க" என்று ஒரு பட்டன் வையுங்கள். எந்த நேரத்தில் பேசலாம் என்பதும் அதிலேயே இருக்கட்டும்.

ஈரோடு ஜவுளி · #7

எல்லாஞ் சரிங்க, ஆனா விலைய வெளிய போட்டா பக்கத்து கடைக்காரன் 500 ரூவா கம்மியா போட்டுர்றானுங்க. "விலைக்கு வாட்ஸ்அப் செய்யவும்"னு போட்டா ஆளு நம்ம கைக்கு வருவாங்கல்ல? பேசி முடிச்சுப்போடலாம். அப்புறம் சிஓடி இல்லாம நம்ம ஊர்ல ஆன்லைன் யாவாரம் ஆகாதுங்க. காசு முன்னாடியே கட்டச் சொன்னா நம்ப மாட்டாங்க.

கூடைச்சாவி · #8

ஈரோட்டு அண்ணே, விலை இல்லாத பக்கத்தைக் கூகுள் ஷாப்பிங் ஏற்காது. அதுபோக, விலை கேட்கத் தயங்குகிறவர்தான் இணையத்துக்கே வருகிறார். கேட்டால் வாங்கித்தான் ஆக வேண்டுமோ என்ற கூச்சம் கடையிலே உண்டு, இங்கே வேண்டாம். வாட்ஸ்அப் பட்டன் இருக்கட்டும், விலையும் இருக்கட்டும். அந்தப் பட்டனில் இரண்டு தவறு எல்லாத் தளத்திலும் பார்க்கிறேன். ஒன்று, எண்ணுக்கு முன்னால் 91 இல்லாமலோ, 0-வோடோ இணைப்புக் கொடுத்திருப்பார்கள், சரியாகத் திறக்காது. இரண்டு, பட்டன் வலது கீழ் மூலையில் மிதந்து, கூடைப் பட்டனை மறைக்கும். சேலை எண்ணும் பக்க முகவரியும் செய்தியில் தானாக நிரம்ப வேண்டும். இல்லாவிட்டால் "அந்தப் பச்சை கலர் என்ன விலை" என்று வரும், எந்தப் பச்சை என்று தேட ஒரு ஆள் தேவைப்படும்.

சிஓடி ஐந்நூறு ரூபாய்ச் சுடிதாருக்குச் சரி. உங்களிடம் ஒரே சேலை. அது வாசல் வரை போய், "வேண்டாம்" என்று திரும்பி வர, இரண்டு பக்கக் கூரியர் செலவு ஒரு பக்கம். முகூர்த்த மாதத்தில் அத்தனை நாள் அந்தச் சேலை விற்பனையில் இல்லாமல் போகிறதே, அது பெரிய நட்டம். தேவையானால் 500 ரூபாய் முன்பணம், மீதி வாசலில். அதையும் ஒரு விலை வரம்புக்குக் கீழே மட்டும். முழுசாக முன்கூட்டிக் கட்டுகிறவரின் பயத்தைப் போக்க வேறு வழி உண்டு: கடை முகப்புப் படம், மேப்பில் இடம், ஜிஎஸ்டி எண், தொட்டால் அழைக்கும் தொலைபேசி எண், திருப்பி அனுப்பும் விதி. இவை அடியில் ஒளிந்திருக்கக் கூடாது, சேலைப் பக்கத்திலேயே பட்டனுக்குக் கீழே ஒரு சின்னக் கட்டத்தில் வர வேண்டும்.

இனி பணம் கட்டும் பக்கம். காஞ்சித்தறி சார், இதைக் கைப்பேசியில் நீங்களே ஒரு முறை, இன்ஸ்டா செயலிக்குள் திறந்து, கடைசி வரை போய்ப் பாருங்கள். குரோமில் வேலை செய்வது அங்கே வேலை செய்யாமல் போகலாம். யுபிஐ தேர்வு செய்தால் ஜிபேயோ போன்பேயோ திறக்க வேண்டும். செயலிக்குள்ளிருக்கும் உலாவி பல நேரம் அந்த இணைப்பைத் தடுத்துவிடும், சுழன்றுகொண்டே இருக்கும். சில தளங்களில் மாற்றாக கியூஆர் காட்டுகிறார்கள். அதே கைப்பேசியில் தெரியும் கியூஆரை அதே கைப்பேசியால் எப்படி ஸ்கேன் செய்வார்? பணம் வாங்கித் தரும் சேவையான கேட்வேயின் பிளக்இன்னைப் புதுப்பித்துச் சோதியுங்கள். அப்போதும் திறக்காவிட்டால், செயலிக்குள் இருப்பவருக்கு மட்டும் "குரோமில் திறக்க" என்று கூடைக்கு முன்பே ஒரு வரி காட்டுங்கள். யுபிஐயில் பொதுவாக ஒரு பரிவர்த்தனைக்கு 1 லட்சம்தான் வரம்பு. அதற்கு மேல் போகும் கல்யாண ஆர்டருக்கு கார்டும் நெட் பேங்கிங்கும் முன்னால் வர வேண்டும்.

படிவத்தில் ஆட்களைத் துரத்துவது இவை:

கணக்குத் தொடங்கச் சொல்வது. விருந்தினராக வாங்கும் வசதியைத் திறந்துவிடுங்கள். வாங்கி முடித்தபின் கணக்கு வேண்டுமா என்று கேட்டுக்கொள்ளலாம்.

கடைசிப் பெயர் கட்டாயம். தமிழ்நாட்டில் பாதிப் பேருக்கு இன்ஷியல்தான். ஓர் எழுத்துப் போட்டால் "செல்லாது" என்று சிவப்பில் வருகிறது. 'பெயர்' என்று ஒரே கட்டம் போதும்.

தொலைபேசி எண். 10 இலக்கம் தவிர வேறு ஏற்காது என்று எழுதியிருப்பார்கள். தானாக நிரப்பும்போது கைப்பேசி +91 சேர்த்து, இடைவெளியும் விட்டு நிரப்பும். நீங்கள் அதை வெட்டிக்கொள்ளுங்கள், அவரைத் திட்டாதீர்கள்.

பின்கோடு. இந்தியாவுக்கு 6 இலக்கம், எண் விசைப்பலகை எழ வேண்டும். போட்டதும் மாவட்டமும் மாநிலமும் தானாக வரட்டும். எமிரேட்ஸில் அஞ்சல் குறியீடே கிடையாது. துபாயிலிருந்து வாங்குகிறவரை அந்தக் கட்டாயக் கட்டம் நிறுத்திவிடும்.

கட்டத்தின் எழுத்து அளவு 16 பிக்சலுக்குக் கீழே இருந்தால் ஐபோன் தொட்டதும் பெரிதாக்கிவிடும், பக்கம் இழுபடும்.

ஃபால்ஸ், பிகோ, குஞ்சம், ரவிக்கைத் தையல் எல்லாம் சேலைப் பக்கத்திலேயே விலையோடு தேர்வாக இருக்க வேண்டும். எதுவும் முன்கூட்டியே டிக் ஆகியிருக்கக் கூடாது. அனுப்பும் செலவு கூடையிலேயே தெரிய வேண்டும். கடைசிப் பக்கத்தில் 350 ரூபாய் திடீரென்று ஏறினால், முப்பதாயிரம் கொடுக்கத் தயாராக இருந்தவரும் மூடிவிட்டுப் போவார்.

ஈரோடு ஜவுளி · #9

முன்பணம் யோசன நல்லாருக்குங்க. விலை விஷயத்துல இன்னும் மனசு ஒப்பல, பாக்கலாம்.

எழுத்தாணி · #10

தமிழ் வேண்டுமா என்ற கேள்விக்கு யாரும் போகவில்லை. வேண்டும். ஆனால் தானியங்கி மொழிபெயர்ப்புப் பிளக்இன் போட்டு, சேலையின் கரை 'எல்லை' என்றும், ஃபால்ஸ் 'வீழ்ச்சி' என்றும் வரும்படி செய்வதானால் ஆங்கிலமே மேல். எல்லாப் பக்கத்தையும் ஒரே நாளில் மாற்ற வேண்டியதில்லை. முதலில் சேலை விவரக் கட்டங்கள், பட்டன்கள், பிழைச் செய்திகள், அனுப்பும் விதி, திருப்பும் விதி. விவரக் கட்டங்களின் தலைப்புகள் ஒரு முறை எழுதினால் எல்லாச் சேலைக்கும் ஓடும்.

பட்டனில் சுருங்கச் சொல்லுங்கள். "வாங்கும் கூடையில் சேர்க்கவும்" கைப்பேசியில் மூன்று வரியாக உடையும். "கூடையில் சேர்", "பணம் கட்ட", "மாற்றிக் கேட்க". பிழைச் செய்தியில் "தவறான உள்ளீடு" என்று அதட்டாமல், "பின்கோடு 6 எண்களாக இருக்க வேண்டும்" என்று என்ன செய்வது என்பதைச் சொல்லுங்கள்.

எழுத்துரு: நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், ஹிந்த் மதுரை மூன்றும் இலவசம், திரையில் தெளிவு. இரண்டு தடிமனுக்கு மேல் ஏற்றாதீர்கள். அளவு 17-18 பிக்சல், வரி உயரம் 1.7. ஆங்கிலத்துக்கு வைத்த 1.4-ஐ அப்படியே விட்டால் மேல்வரி ரு, கு-வின் வாலும் கீழ்வரி கி, கீ-யின் மேல்வளைவும் இடிக்கும். எழுத்து இடைவெளி சேர்க்காதீர்கள், எழுத்துகள் சிதறின மாதிரி தெரியும். இரு பக்கமும் ஒட்டி வரும் சீரமைப்பும் வேண்டாம். தமிழ்ச் சொல் நீளம், குறுகிய திரையில் நடுவே ஓட்டைகள் விழும். சாம்பல் மேல் வெளிர்தங்க எழுத்துகளைப் பட்டுத் தளங்களில் ஆசையாக வைக்கிறார்கள். எழுத்துக்கும் பின்னணிக்கும் 4.5-க்கு 1 வேறுபாடு இல்லாவிட்டால் அம்மா வயதுக்காரர் படிக்க முடியாது. வாங்கும் முடிவு அவர் கையில்தான் இருக்கும்.

டிடிபி கடையிலிருந்து வந்த பழைய நோட்டீஸின் வாசகத்தை அப்படியே ஒட்டினால், அது பாமினி என்ற பழைய எழுத்துரு முறையில் இருக்கும், தளத்தில் ஆங்கிலக் குப்பையாகத் தெரியும். என்எச்எம் கன்வெர்ட்டரில் யூனிகோடாக்குங்கள், பிறகு ஒருமுறை கண்ணால் படியுங்கள். கான்வாவில் செய்த பட வாசகங்களைக் கூகுளோ, திரையை வாசித்துக் காட்டும் கருவியோ படிக்கும் என்று நம்ப முடியாது.

மொழி மாற்றும் இடத்தில் கொடி வேண்டாம். 'தமிழ்' என்று எழுதினால் போதும். மாற்றினால் அதே சேலையின் தமிழ்ப் பக்கம் வர வேண்டும், முகப்புக்குத் தள்ளக் கூடாது. எந்த நாட்டிலிருந்து வருகிறார் என்று ஐபி முகவரியைப் பார்த்துத் தானாக மாற்றுவதும் வேண்டாம், டொரொன்டோவில் இருக்கிற அப்பா தமிழில்தான் படிக்க விரும்பலாம்.

தேடல் பெட்டியில் 'அரக்கு' என்று தமிழில், ஆங்கில எழுத்தில், 'மெரூன்' என்று, மூன்று விதமாகவும் தட்டுவார்கள். 'பட்டுப்புடவை'யும் 'பட்டுச்சேலை'யும் ஒன்றுதான் என்று தேடலுக்குச் சொல்லிக் கொடுங்கள். ஒன்றும் கிடைக்காதபோது வெற்றுப் பக்கம் வரக் கூடாது. பக்கத்து நிறங்களைக் காட்டுங்கள்.

காஞ்சித்தறி · #11

நிறைய வேலை கிடைத்துவிட்டது. ஒரு சந்தேகம்: கடையிலும் அதே சேலையைத்தான் விற்கிறோம். தளத்தில் பணம் கட்டிக்கொண்டிருக்கும்போதே இங்கே ஒருவர் எடுத்துவிட்டால்? இருவர் ஒரே நேரத்தில் கூடையில் போட்டால்?

கூடைச்சாவி · #12

வூகாமர்ஸில் கூடையில் போட்டதால் இருப்பு குறையாது. ஆர்டர் உருவாகிப் பணம் பாக்கி என்ற நிலையில் இருக்கும்போதுதான் அது பிடித்து வைக்கப்படும். எவ்வளவு நேரம் என்பது இருப்பு அமைப்பில் 'ஹோல்ட் ஸ்டாக்' என்ற இடத்தில் இருக்கிறது, தானாக வருவது 60 நிமிடம். ஒற்றைச் சேலைக்கு அதை 15-20 ஆக்குங்கள். அதற்கும் கீழே போகாதீர்கள். யுபிஐ பணம் சில நேரம் தாமதமாகத்தான் உறுதியாகும்; ஆர்டர் ரத்தான பிறகு பணம் வந்தால் இரட்டைத் தலைவலி. இதைத் தடுக்க கேட்வேயின் வெப்ஹுக் கட்டாயம் இயங்க வேண்டும். வாங்கியவர் உலாவியை மூடிவிட்டாலும் கேட்வே நேராகத் தளத்துக்குத் தகவல் அனுப்பும். வெப்ஹுக் இல்லாத தளத்தில் "பணம் போய்விட்டது, ஆர்டர் இல்லை" என்று அழைப்பு வரும். அப்படிப்பட்ட வாடிக்கையாளர் மறுபடி வர மாட்டார்.

கடைக்கு: ஒவ்வொரு சேலையிலும் பார்கோடு ஒட்டி, பில் போடும்போதே தளத்தின் இருப்பு பூஜ்யமாகும்படி இணைக்கலாம். அது முடியாவிட்டால், தளத்தில் ஏற்றிய சேலைகளைத் தனி அலமாரியில் வையுங்கள். அங்கிருந்து எடுக்குமுன் கைப்பேசியில் இருப்பை நிறுத்திவிட்டு எடுப்பது என்ற ஒழுங்கு போதும்.

விற்றுப்போன சேலையின் பக்கத்தை அழிக்காதீர்கள். கூகுளிலிருந்து வருகிறவர் 'பக்கம் இல்லை' என்ற 404-ல் முட்டுவார். "விற்றுவிட்டது" என்று காட்டி, அதே நிறம், அதே விலையில் நான்கைக் கீழே வையுங்கள். "இதுபோல் நெய்து தர முடியுமா" என்ற பட்டனும் வைக்கலாம். தறிக்காரர் எத்தனை நாள் கேட்பார் என்று உங்களுக்குத் தெரியுமே.

இன்னொன்று, பக்கங்களின் நகலைச் சேமித்து வேகமாகக் காட்டும் கேஷ் (cache) பிளக்இன் போட்டிருந்தால் கூடை, பணம் கட்டும் பக்கம், கணக்குப் பக்கம் மூன்றையும் விலக்குங்கள். இல்லாவிட்டால் கூடை காலியாகத் தெரியும், அல்லது காலாவதியான பாதுகாப்புக் குறியால் (நான்ஸ்) படிவம் காரணம் சொல்லாமல் மறுக்கும்.

ஆர்டர் மின்னஞ்சல் ஸ்பாமில் விழாமல் இருக்க, ஹோஸ்டிங்கின் சாதாரண அஞ்சலை விட்டுவிட்டு மின்னஞ்சல் அனுப்பும் எஸ்எம்டிபி சேவை, அனுப்புவது நீங்கள்தான் என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகேஐஎம் அமைத்துக்கொள்ளுங்கள். குறுஞ்செய்தி, தொலைத்தொடர்பு நிறுவனங்களின் டிஎல்டி தளத்தில் பதிவும் வார்ப்புருவும் இல்லாமல் போகாது.

சட்டப்பக்கம் · #13

2020 மின்வணிக விதிகளின்படி நிறுவனத்தின் சட்டப்பூர்வப் பெயர், முகவரி, தொடர்பு, குறைதீர் அலுவலரின் பெயரும் பதவியும் எண்ணும் தளத்தில் தெரிய வேண்டும். புகார் வந்தால் 48 மணி நேரத்துக்குள் பெற்றதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும்.

"எந்தக் காரணத்துக்கும் திரும்பப் பெறமாட்டோம்" என்று எழுதாதீர்கள், செல்லாது. பொருளில் குறை இருந்தாலோ, விளம்பரத்தில் சொன்னபடி இல்லாவிட்டாலோ, சொன்ன தேதிக்குப் பின் வந்தாலோ மறுக்க முடியாது. எனவே விதியை இரண்டாகப் பிரியுங்கள்: எங்கள் தவறானால் எப்போதும் எங்கள் செலவில், பிடிக்காமல் திருப்பினால் 7 நாளுக்குள், சீட்டு கழற்றாமல், ஃபால்ஸ் வைக்காமல், கூரியர் உங்கள் செலவில். ஃபால்ஸ் தேர்வு செய்யும் இடத்திலேயே "தைத்தால் திருப்ப முடியாது" என்று வர வேண்டும்.

தேதி உறுதியில் கவனம். பின்கோடு போட்டதும் "இந்தத் தேதிக்குள்" என்று காட்டுவது நல்லது, ஆனால் ரவிக்கைத் தையலைச் சேர்த்தால் நாள் கூடுவது அதே வரியில் மாற வேண்டும்.

அமெரிக்காவுக்கு: 800 டாலர் வரையிலான வரிவிலக்கை அவர்கள் 2025 ஆகஸ்ட் 29 முதல் நிறுத்தினார்கள். இறக்குமதி வரி விலையில் அடக்கமா, வாங்குகிறவர் வாசலில் கட்ட வேண்டுமா என்று கூடையிலேயே எழுதாவிட்டால், பார்சல் மறுக்கப்பட்டுத் திரும்பும்.

பிக்சல் பாண்டி · #14

இதையெல்லாம் ஒரே வாரத்தில் மாற்றிவிட்டு "எது வேலை செய்தது" என்று கேட்காதீர்கள். கூகுள் அனலிடிக்ஸில் (ஜிஏ4) சேலை பார்த்தது, கூடையில் போட்டது, பணம் கட்டத் தொடங்கியது, வாங்கியது என்று நான்கு நிகழ்வும் பதிவாகிறதா என்று முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். எந்தப் படியில் ஆள் குறைகிறதோ அங்கிருந்து தொடங்குங்கள். கூடைக்கே வராதவர்கள் அதிகமானால் மல்லி அக்கா சொன்னது. பணத்தில் நிற்பவர்கள் அதிகமானால் கூடைச்சாவி சொன்னது. இன்ஸ்டா வழி வந்தவர்களையும் கூகுள் வழி வந்தவர்களையும் தனித்தனியாகப் பிரித்துப் பாருங்கள், இரண்டு கூட்டமும் ஒன்றாகக் கலந்தால் பிழை ஒளிந்துகொள்ளும்.

ஏ/பி சோதனை, அதாவது இரண்டு வடிவத்தைப் பாதிப் பாதிப் பேருக்குக் காட்டி ஒப்பிடுவது, என்று யாராவது சொன்னால், மாதம் சில பத்து ஆர்டர் உள்ள தளத்தில் அது எதையும் நிரூபிக்காது. அதற்குப் பதில் மைக்ரோசாஃப்ட் கிளாரிட்டி போடுங்கள், இலவசம். பார்வையாளர் விரல் எங்கே போகிறது என்று பதிவைப் பார்க்கலாம். படிவக் கட்டங்கள் மறைக்கப்படும்படி அமைத்திருக்கிறதா என்று பாருங்கள், குக்கி அறிவிப்பிலும் அதைக் குறிப்பிடுங்கள். ஒரே இடத்தைக் கோபமாகத் தட்டித் தட்டிப் பார்க்கும் பதிவுகளை அது தனியாகப் பிரித்துத் தரும். சேலைத் தளத்தில் அது பெரும்பாலும் பெரிதாகாத படத்தின் மேல்தான் இருக்கும்.

பத்தாயிரம் ரூபாய் ஆண்ட்ராய்டு ஒன்றைச் சோதனைக்கென்றே வைத்துக்கொள்ளுங்கள். வைஃபையை அணைத்து, தளத்தைப் பார்த்திராத ஒருவர் கையில் கொடுத்து, "15,000-க்குள், அரக்கு, கோர்வை, வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்" என்று மட்டும் சொல்லி விட்டுவிடுங்கள். பக்கத்தில் நின்று உதவக் கூடாது.

காஞ்சித்தறி · #15

இன்ஸ்டாவுக்குள் திறந்து பணம் கட்டிப் பார்த்தேன். போன்பே திறக்கவில்லை, சுழன்றுகொண்டே இருக்கிறது. வெப்ஹுக் பட்டியலும் காலி. பிளக்இன்னைப் புதுப்பித்துவிட்டு மறுபடி எழுதுகிறேன்.

கூடைச்சாவி · #16

புதுப்பிக்குமுன் முழு பேக்கப் எடுத்துக்கொள்ளுங்கள். வெப்ஹுக் முகவரியைக் கேட்வே பக்கத்தில் பதிந்த பின், 1 ரூபாய்க்கு ஒரு சோதனைப் பொருள் உருவாக்கி, பணம் கட்டியதும் தளத்துக்குத் திரும்பாமல் உலாவியை மூடுங்கள். ஆர்டர் 'செயலாக்கத்தில்' என்று மாறினால் சரி.